சித்தி சொன்ன படம்

எங்கள் ஊருக்குச் சினிமா வந்தது ஒரே ஒரு முறை. அதுவும் பட்டப்பகலில், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு. பொம்மிடியில் டூரிங் டாக்கீஸ் இருந்தது. நடந்து போகிற தூரம்தான் என்றாலும் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அது வேறு தேசம். அதனால் எங்கள் மாதா கோயில் பள்ளிக்கூடத்திலேயே படம் காட்டப் போவதாகச் சாமியார் பிரசங்கத்தின் நடுவில் அறிவித்தபோது, முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் யாரும் அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் கேட்கவில்லை.

அது அறுபத்தைந்தாம் வருடம். வடக்கே எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அது பஞ்சாயத்து ரேடியோவில் நடந்த சண்டை. பிள்ளைகள் நாங்கள் ஏரிக்கரையில் இரண்டு படையாகப் பிரிந்து ஆமணக்குக் காய்களைக் குண்டுகளாக வீசிக்கொண்டோம். எதிரிப் படையில் சேர ஒருவரும் சம்மதிக்காததால், ஆளுக்கு இரண்டு கடலை மிட்டாய் கொடுத்து எதிரிகளைத் தயார் செய்ய வேண்டியிருந்தது. எனக்கு ஒன்பது வயது. பெண்பிள்ளை என்பதால் என்னை நிரந்தரமாகக் காயம்பட்டவளாக வைத்திருந்தார்கள்.

ஒருநாள் ஆமணக்குக் காய் தீர்ந்து கல் பறந்தது. ஒரு பையனுக்கு மண்டை உடைந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிய சாமியார், சண்டை என்றால் என்னவென்று இந்தப் பிள்ளைகளுக்குக் காட்டியே தீருவது என்று முடிவு செய்தார். பெங்களூரில் இருந்த நண்பரிடம் சொல்லி ஒரு படத்தையும் அதை ஓட்டும் இயந்திரத்தையும் இரவல் வாங்கினார். ஓட்டவும் அவரே கற்றுக்கொண்டு வந்தார். சண்டைக் காலத்தில் வளரும் ஒரு சிறுவனைப் பற்றிய படமாம். அந்தச் சிறுவன் என்ன மொழி பேசுவான் என்று கேட்டுக்கொள்ள மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் சண்டை ரேடியோவோடு நிற்கவில்லை. சித்தப்பா ராணுவத்தில் இருந்தார். மூன்று வருடம் வடக்கே ராணுவக் குடியிருப்பில் அவரோடு குடித்தனம் செய்த சித்தியை, சண்டை மூண்டதும் ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள். வந்த பிறகு ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. சித்தி அதைப் பற்றிப் பேசவே மாட்டார். விடிந்ததும் கிணற்றடிக்குப் போவார். பொழுது சாயும்வரை ஏதாவது ஒரு வேலையைத் தேடிப் பிடித்துச் செய்துகொண்டே இருப்பார். சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சித்திக்கு இந்தி தெரியும். வடக்கே காய்கறி வாங்கியும் பக்கத்து வீட்டுக்காரிகளோடு பேசியும் கற்றுக்கொண்டது. ஆனால் ஊருக்கு வந்த அன்றே பெரியம்மா அடுப்படியில் வைத்துக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"இங்க அதெல்லாம் தெரியும்னு வாயத் தொறக்காத. நம்ம வூட்டுப் பையனே அதுக்காக அடி வாங்கிட்டு வந்திருக்கான்."

அடி வாங்கியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. சேலத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். வருடத் தொடக்கத்தில் நடந்த இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் போலீஸ் அடித்ததில் முழங்கை பிசகி வீடு வந்தவர். பிறகு கை சரியாகிவிட்டது. என்றாலும் யாராவது கேட்டால் உடனே சட்டைக் கையை மடித்துக் காட்டுவார். ஊர் இளவட்டங்களுக்கு அவர்தான் தலைவர்.

படம் காட்டிய அன்று பள்ளிக்கூடத்து ஜன்னல்களையெல்லாம் கடலை மூட்டைச் சாக்குகளால் அடைத்திருந்தார்கள். உள்ளே புழுக்கமும் சாக்குத் தூசியும். ஊரே வந்திருந்தது. சுவரில் கட்டிய வெள்ளை வேட்டியில் வெளிச்சம் விழுந்தது. வெள்ளைவெளேரென்ற நிலத்தில், காதுவரை குல்லாய் போட்ட ஒரு பையன் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்தான். தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது உப்பா சுண்ணாம்பா என்று எங்களுக்குள் சர்ச்சை தொடங்கியது. அப்போது அந்தப் பையன் வாயைத் திறந்தான். எந்த நாட்டுப் பையனோ, அவனை இந்தியில் பேசவைத்திருந்தார்கள்.

மாமா எழுந்தார். அவரோடு பதினைந்து பேர் எழுந்தார்கள்.

"நிறுத்துங்க சாமி. இதுக்குத்தான் நாங்க அடி வாங்கினோம். இப்ப நம்ம கோயில் பள்ளிக்கூடத்துலயே இத உட்கார்ந்து கேக்கணுங்களா?"

சாமியாருக்கு வியர்த்துவிட்டது. "எனக்கே தெரியாதுப்பா. பிள்ளைங்க ஒரு தடவ பாத்துட்டுப் போகட்டுமே."

"புரியாத பாஷைய என்னத்தப் பாக்கறதுங்க?"

ஒருவர் ஜன்னல் சாக்கை இழுத்தார். வெயில் உள்ளே பாய்ந்ததும் வேட்டியில் இருந்த பையனும் தங்கையும் மங்கி மறைந்தார்கள். அந்த இருவரும் எங்கே போகிறார்கள் என்று இனி தெரியவே போவதில்லை என்று நினைத்ததும் எனக்கு அழுகை முட்டியது. சாமியார் இயந்திரத்தின் விளக்கை அணைக்கக் கை நீட்டினார். நான் எழுந்து நின்றேன்.

"எங்க சித்திக்கு இந்தி தெரியுங்க சாமி."

பெரியம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு நாலு நாள் கன்றிப்போயிருந்தது. அப்போது அது எனக்கு உறைக்கவேயில்லை. ஊரே திரும்பிச் சித்தியைப் பார்த்தது. சித்தி முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு எழுந்தார். வீட்டுக்குத்தான் போகிறார், இனி என்னோடு பேசமாட்டார் என்று நினைத்தேன். அவர் வாசல் பக்கம் போகவில்லை. உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே கால் வைத்து வைத்து முன்னால் போனார். ஒலி வரும் பெட்டி வேட்டிக்குக் கீழே ஒரு முக்காலியில் இருந்தது.

"சத்தத்தக் கம்மி பண்ணி வெயுங்க சாமி. என் ஒருத்தி காதுக்குக் கேட்டாப் போதும். நான் தமிழ்ல சொல்றேன்." பிறகு மாமா பக்கம் திரும்பினார். "தமிழ்ல சொன்னா ஒண்ணும் இல்லையில்ல, தம்பி?"

மாமா தன் தோழர்களைப் பார்த்தார். அவர்கள் அவரைப் பார்த்தார்கள். இப்படி ஒரு நிலைமைக்கு அவர்களிடம் முழக்கம் ஏதும் இல்லை.

"தமிழ்னா... சொல்லுங்கக்கா."

"அப்ப அந்தச் சாக்க எடுத்து மாட்டிவுடு. வெளிச்சம் வருது."

போலீசுக்குப் பணியாத மாமா போய்ச் சாக்கை மாட்டினார்.

சித்தி பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அதில் காதை ஒட்டவைத்து, முகத்தை எங்கள் பக்கம் திருப்பிச் சொல்லத் தொடங்கினார். முதல் இரண்டு நிமிடம் குரல் கம்மியது. "சத்தமா சொல்லு தாயி" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு குரல் தடுமாறவில்லை. அது உப்பல்ல, சுண்ணாம்பல்ல, வானத்திலிருந்து விழுகிற பனி என்றார். பையனின் அப்பா சண்டைக்குப் போயிருக்கிறார், அம்மா குண்டு செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார், பிள்ளைகள் ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்றார். கொஞ்ச நேரத்தில், 'அவன் சொல்றான், அவள் சொல்றா' என்பதெல்லாம் போய்விட்டது. சித்தியே பையனாகவும் தங்கையாகவும் பேசினார்.

"ஆத்தா, பாப்பாவுக்கு என் ரொட்டியக் குடுத்துடு. எனக்குப் பசிக்கல."

"பொய் சொல்லாதடா. உன் வவுறு கத்தறது எனக்குக் கேக்குது."

குல்லாய் போட்ட வெள்ளைக்காரப் பையன் எங்கள் ஊர்ப் பேச்சுப் பேசியதும் கூட்டம் முதலில் சிரித்தது. அப்புறம் சிரிக்கவில்லை. அவன் தன் பூட்ஸைக் கொடுத்து விறகு வாங்கியபோது பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். தினமும் ரயில் நிலையத்துக்குப் போய், இறங்குகிற ஒவ்வொரு சிப்பாயிடமும் அவன் தன் அப்பா பெயரைச் சொல்லி விசாரித்தான். குண்டு விழுந்து வீடு சரிந்தபோது, ஏரிக்கரைப் போரில் எங்கள் தளபதியாக இருந்தவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு அந்தப் போர் நடக்கவேயில்லை. சாமியாருக்கு அதில் முழு வெற்றி.

கடைசியில் ஒரு கடிதம் வந்தது. பையன் அதைப் பிரித்துப் படித்தான். பனியில் விழுந்து எழுந்து தொழிற்சாலைவரை ஓடினான். அம்மா வெளியே வந்து கடிதத்தை வாங்கினாள். சித்தி பெட்டியில் காதை வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டார். கூட்டம் முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"'நான் நல்லா இருக்கேன். சீக்கிரம் ஊருக்கு வரேன்'னு அவங்க அப்பா எழுதியிருக்காரு."

படத்தில் அந்த அம்மா பனியிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். பையன் அவள் தோளைக் கட்டிக்கொண்டான்.

"சந்தோசத்துல அழுவுறா" என்றார் சித்தி.

பள்ளிக்கூடமே அதிர்ந்தது. அப்படி ஒரு கைத்தட்டலை நான் பிறகு எந்தத் தியேட்டரிலும் கேட்டதில்லை. எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று தட்டியவர் மாமா. பெண்கள் சித்தியைச் சூழ்ந்துகொண்டு கன்னத்தைத் தடவினார்கள். 'எங்க வூட்டு மருமவ' என்று பெரியம்மா நாலு பேர் காதில் விழும்படி சொன்னார். அன்று மாலையே மறுபடி ஒருமுறை ஓட்டச் சொல்லி ஊர் கேட்டது. மாமா வீட்டிலிருந்து நாற்காலி தூக்கிவந்து பெட்டிக்குப் பக்கத்தில் போட்டார். சித்தி அதே படத்தை, அதே முடிவோடு, இன்னும் நன்றாகச் சொன்னார்.

பன்னிரண்டு நாள் கழித்துச் சித்தப்பாவின் கடிதம் வந்தது. தை மாதம் அவரே வந்தார். இடது கையில் இரண்டு விரல் இல்லை. மற்றபடி முழுசாக, பெட்டி நிறைய பிஸ்கட்டோடு.

பதினோரு வருடத்துக்குப் பிறகு, பெங்களூரில் நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, விடுதியில் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். இந்தியில்லை, அதன் சொந்த மொழியில். அடியில் ஆங்கில எழுத்து ஓடியது. அந்தக் குல்லாயைப் பார்த்ததும் துள்ளிவிட்டேன். பக்கத்தில் இருந்த தோழியிடம், "கவலப்படாத, கடைசில அப்பா வந்துடுவாரு" என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்தேன். கடிதம் வந்தது. எழுத்துகளைப் படித்தேன். முதல் பனிக்காலத்திலேயே அவர் இறந்துவிட்டார் என்று எழுதியிருந்தது.

அன்று பள்ளிக்கூடத்திலிருந்து வீடு திரும்பும்போது நான் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்து நடந்தேன். "அந்தப் பையன் வூட்டுக்கு வந்த மாதிரியே நமக்கும் கடுதாசி வரும், இல்ல சித்தி?" என்று கேட்டேன். சித்தி நடையை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு, "வரும்டி. நம்மளுக்கு நல்ல கடுதாசியா வரும்" என்றார். நம்மளுக்கு என்பதை அவர் ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.