பதினான்காம் பெட்டியில் வந்த கீறல்

1. ரிப்போர்ட்

துபாயில் ஓவியங்களை வைக்கும் கிடங்கு ஒன்றில் கண்டிஷன் ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. பெட்டியிலிருந்து வெளியே வரும் படத்தில் கறை, விரிசல், கீறல் இருந்தால் வரிசையாகப் பட்டியலிட வேண்டும். நான் சேர்ந்த மூன்றாம் மாதம், மெக்சிகோவைச் சேர்ந்த வயதான பெண் ஓவியர் ஒருவரின் வாழ்நாள் கண்காட்சிக்குப் படங்கள் வந்தன. எல்லாம் அரூப ஓவியங்கள்.

இளமையில் அவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். அந்தக் காலப் படங்களில் கோடுகள் நேராக இருந்தன. பள்ளி ஆசிரியையான பிறகு வண்ணத்தில் மணலைக் கலந்தார். வலக்கை முடங்கியதும் இடக்கையில் கொத்தனார் கரண்டியைப் பிடித்து, பூசியதையே சுரண்டத் தொடங்கினார். அந்தப் படங்களில் எது ஓவியம், எது சேதம் என்றே எனக்குப் புரியவில்லை.

பதினான்காம் படத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். மெக்சிகோவில் பெட்டியில் அடைக்கும்போது எழுதிய ரிப்போர்ட்டில் அது இல்லை. ‘புதிய சேதம்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மேனேஜர் ரகு சார், பெட்டியைத் திறந்த முருகேசன் அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் சிவகங்கைக்காரர். அந்த மாதம்தான் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். சேதம் அவர் பெயரில் ஏறினால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

“ஸ்க்ரூவத்தான் சார் கழட்டுனேன், படத்தத் தொடவே இல்ல” என்றவர் என் பக்கம் திரும்பினார். “படம் பூரா அந்தம்மா கீறித்தான வச்சிருக்கு. அதுல இது மட்டும் என் கீறல்னு எப்படிக் கண்டுபுடிச்சீங்க?”

ஓவியரின் மகளை வீடியோ காலில் பிடித்து, அவர் மூலம் ஓவியரிடமே படத்தைக் காட்டினோம். ஓவியர் நெடுநேரம் பார்த்துவிட்டு, தான் போட்டதா என்று நினைவில்லை என்றார். ஆனால் நன்றாக இருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்றும் சொன்னார். எனக்கு இன்னும் குழம்பியது.

2. டார்ச்

முதலிலேயே செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன். விளக்கை அணைத்துவிட்டு, புற ஊதா ஒளி வீசும் யூவி டார்ச் அடித்தேன். பழைய வார்னிஷ் அந்த வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். புதிதாகக் கீறிய இடம் கறுப்பாகத் தெரியும். இந்தக் கீறலுக்குள்ளும் பச்சை. வார்னிஷ் பூசுவதற்கு முன்பே விழுந்தது. மெக்சிகோவில் அதை ஓவியத்தின் பகுதி என்றே நினைத்து எழுதாமல் விட்டிருக்கலாம். யார் கீறியது என்று தெரியவில்லை. அண்ணன் இல்லை என்பது மட்டும் உறுதி.

‘பழையது. காரணம் தெரியவில்லை’ என்று திருத்தினேன்.

“தெரியலன்னு ரிப்போர்ட்ல எழுதுவாங்களா?” என்றார் ரகு சார்.

“தெரியலயே சார்.”

அண்ணனின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “கலாஸ், முடிஞ்சுபோச்சு, விடுங்க மேடம்” என்றார். அதுவரை என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

இப்போது டார்ச் அடிக்காமல் ‘புதிய’ என்ற சொல்லை நான் எழுதுவதில்லை. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் பக்கத்தில் நிற்கிறேன். நான் வந்து நிற்காமல் அண்ணனும் ஸ்க்ரூவில் கை வைப்பதில்லை.