முட்டி டீச்சர்

முட்டிபோட்டபடியே வகுப்பறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். வழியில் ஒரு மூக்கைத் துடைக்கிறார். யாரோ கட்டிய கட்டைக் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார். நாலு வயதுக் குழந்தைகளிடம் நின்றுகொண்டு பேசுவது அவருக்கு ஆகாது. "அண்ணாந்து பாத்தா என் மூக்கு ஓட்டைதான் தெரியும். அதுகிட்ட யாராவது மனசு விட்டுப் பேசுவாங்களா?" என்பார். அவருடைய சுடிதார்களெல்லாம் முழங்காலில் மட்டும் வெளுத்து நூல் விட்டிருக்கும். பிள்ளைகளின் பெற்றோர் வைத்த பெயர், முட்டி டீச்சர்.

நாற்பதைத் தாண்டியபின் மழலையர் ஆசிரியர் பயிற்சியில் தபால் வழியாகச் சேர்ந்திருக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகள் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள். இவர் காய் நறுக்கிக்கொண்டே பதில் சொல்வார்.

"பொருள் நிலைப்புன்னா என்னம்மா?"

"துணிக்கடியில ஒளிச்சு வச்ச பொம்மை காணாமப் போயிடல, அங்கயேதான் இருக்குன்னு குழந்தைக்குப் புரியறது. ஒரு வயசுக்குள்ள வந்துடும். உங்கப்பாவுக்குத்தான் இன்னும் வரல. பேப்பருக்கடியில சாவி இருந்தா, சாவியே தொலைஞ்சுபோச்சும்பாரு."

குழந்தை தானாகச் செய்யக்கூடியதற்கும், யாராவது சற்றுக் கைகொடுத்தால் செய்யக்கூடியதற்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு, ஆசிரியருக்கு வேலை அங்கேதான் என்று பாடத்தில் ஒரு வரி வருகிறது. அதை மட்டும் இரண்டு தரம் அடிக்கோடிட்டிருக்கிறார். "அந்தச் சந்துலதான் நான் குடியிருக்கேன்."

இவ்வளவு தெரிந்தும், புதிதாகச் சேர்ந்த பஸ் டிரைவரின் மகளிடம் சறுக்கினார். அவள் வகுப்புக்குள் வரமாட்டாள். வாய் திறக்கவும் மாட்டாள். வெளியே செருப்பு வைக்கும் பலகையருகே உட்கார்ந்துவிடுவாள். மூன்றாம் நாள் பொறுமை போய், டீச்சர் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். குழந்தை நின்ற இடத்திலேயே கவுனை நனைத்துக்கொண்டது. அன்று மாலை டீச்சர், "படிச்சவ மாதிரியா நடந்துக்கிட்டேன்?" என்று மகளிடம் புலம்பினார்.

மூன்று வாரம் ஓடிற்று. ஒரு திங்கட்கிழமை தலைமையாசிரியை கூப்பிட்டு, "ஒரு பிள்ளைக்காக ஆயாவ எத்தனை நாள் வெளிய உக்கார வைக்கறது? வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. இல்லன்னா அடுத்த வருஷம் கூட்டிட்டு வரட்டும்னு அவங்கப்பாகிட்ட சொல்லிடறேன்" என்றார்.

அன்றே டீச்சர் வெளியே போய், பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். குழந்தை சும்மா இருக்கவில்லை. தாறுமாறாகக் கிடந்த இருபத்திரண்டு ஜோடிச் செருப்புகளையும் சேர்த்து, சின்னதிலிருந்து பெரியது வரை வரிசை கட்டிக்கொண்டிருந்தது. ஒரே மாதிரி இரண்டு சிவப்பு ஜோடிகள் வந்தபோது, திருப்பி அடித்தேய்மானத்தைப் பார்த்துப் பிரித்தது. உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு இன்னும் எட்டாத வேலை அது.

"அடேயப்பா! வெளியவே உக்காந்து பாடத்த முடிச்சுட்டியே நீ!"

செவ்வாயன்று ஒரு செருப்பை மட்டும் எடுத்து, வாசற்படிக்கு ஒரு சாண் உள்ளே வைத்தார். ஜோடி குறைவதைக் குழந்தையால் தாங்க முடியவில்லை. எட்டி எடுத்துக்கொண்டு ஓடியது. புதனன்று விரிப்பின் ஓரத்தில். அதற்கும் வந்தது. வியாழனன்று ஆசை மிஞ்சி, அறையின் நடுவில் வைத்தார். குழந்தை வாசலிலேயே வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போயிற்று. "அவசரக்குடுக்கை நான்" என்று தலையில் தட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மறுபடி விரிப்பின் ஓரத்திலேயே வைத்தார். விளையாடப் போகும் நேரம். ஒரு வாண்டு இடது காலில் வலது ஷூவை மாட்டிக்கொண்டு உள்ளே வந்து, பட்டியைப் போடச் சொல்லி டீச்சரிடம் காலை நீட்டிக்கொண்டிருந்தான். செருப்பை எடுக்க வந்த குழந்தை, அதைப் பார்த்து நின்றது. டீச்சர் நிமிரவில்லை.

"எனக்கு இது சரியா வரமாட்டேங்குதே" என்று பொதுவாகச் சொன்னார்.

"கால் மாறிப்போச்சு."

பள்ளியில் சேர்ந்தபிறகு அவளுடைய முதல் பேச்சு. சொல்லிவிட்டு, குழந்தை விரிப்பில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வாண்டுவின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டது. பட்டி முரண்டு பிடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு இழுத்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் தலைமையாசிரியை. அவருக்குப் பின்னால், வேலைச் சீருடையோடு டிரைவர்.

"டீச்சர், கொஞ்சம் வெளிய வரீங்களா?"

டீச்சர் திரும்பவில்லை. அந்தச் சின்ன விரல்களிலிருந்து கண்ணை எடுக்காமலே, ஒரு கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் நீட்டி, பொறுங்கள் என்பதுபோல் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.