கீரை கிடைக்காத நாய்

பழவேற்காட்டுக் கோட்டையில் நான் துபாசியாக இருந்தேன். ஒல்லாந்தர் சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும்; நம்மவர் திட்டுவதைக் கொஞ்சம் பதமாக்கி அவர்களிடம் சொல்ல வேண்டும்.

கோட்டைத் துரையின் வேட்டைநாய் ஓயாமல் தண்ணீர் குடித்தும் இளைத்துக்கொண்டே வந்தது. அது மூத்திரம் பெய்த இடமெல்லாம் எறும்பு. சர்க்கரை நோய்தான் என்றார் கோட்டையின் ஒல்லாந்து வைத்தியர். ஏரிச்சேற்றில் முளைக்கும் உமரிக்கீரை அதற்குக் கேட்குமா என்று பார்க்க, அதே நோயுள்ள இன்னொரு நாயும் வேண்டும் என்றார்.

ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் ஒருத்தியிடம் அப்படியொரு நாய் இருந்தது. குணமாகும் என்று நம்பி அவளே தூக்கி வந்தாள். கீரையையும் தானே பறிப்பதாகச் சொன்னாள். "கண்டவ பறிச்சா சேத்தோட போட்டுடுவா."

தினமும் கூடையோடு வாசலில் நின்று என்னிடம் கேட்பாள்.

"இன்னாண்ணா, இன்னும் எறும்பு வர்தா?"

"வருது."

"நாளைக்கு கொழுந்தா கிள்ளியாறேன்."

துரை நாய்க்கு எறும்பு குறைந்தது. இவள் நாயால் எழுந்து நிற்கவே முடியவில்லை. ஒருநாள் காவலன் அசந்த நேரத்தில் உள்ளே வந்து இரண்டு சட்டிகளையும் பார்த்துவிட்டாள்.

"என் கீரை தொர நாயி சட்டியிலதான் கீது. என்துக்கு வெறும் சோறா?"

வைத்தியர் பொறுமையாகவே விளக்கினார். ஒன்று தின்ன வேண்டும், மற்றது தின்னக் கூடாது. இரண்டும் தின்றால், குணமானது கீரையாலா, தானாகவா என்று எப்படித் தெரியும்? நான் தமிழில் சொன்னேன்.

அவள் யோசித்தாள். "அப்ப தொர நாயி தின்னாம இருக்கட்டும், என்து தின்னட்டும். அப்பவும் தெரியுமில்ல?"

அதையும் அவருக்குச் சொன்னேன். வைத்தியர் வாய்விட்டுச் சிரித்தார். கெட்டிக்காரி என்றார். பிறகு காவலனைக் கூப்பிட்டு அவளை வெளியே தள்ளச் சொன்னார். போகிற போக்கில் ஒரு கைப்பிடி கீரையை அள்ளி நாயின் வாயில் திணித்தாள். அதற்கு மெல்லத் தெம்பில்லை.

அந்த வாரமே செத்தது. புதைக்கக் கேட்டு வந்தவளை, வயிற்றை அறுத்துப் பார்த்த பிறகு தருவதாகச் சொல்லி வாசலில் வெயிலில் உட்கார வைத்தார்கள். பொழுது சாயும் நேரம் கோணியில் சுற்றி, அவள் கீரை கொண்டுவந்த கூடையிலேயே போட்டுக் கொடுத்தார்கள்.

தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"கீரையே இத்தவிட கனமா இருந்துதுண்ணா" என்றாள்.

மறுநாள் கீரையோடு வேறொருத்தி வந்து நின்றாள்.