அந்தக் கற்களை எங்கே கொட்டினீர்கள்

பெரியப்பாவின் மகன் பெர்லினில் என் வீட்டில் பத்து நாட்கள் தங்கினார். பத்து நாளும் பிட்டு அவித்தேன், மீன் குழம்பு வைத்தேன், சிரித்தேன். உள்ளுக்குள் பற்றி எரிந்துகொண்டிருந்தது. ஊரில் யுத்தம் முடிந்த பிறகு, போராளியாகச் செத்த என் தம்பி புதைக்கப்பட்டிருந்த மயானத்தை இராணுவத்தினர் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இடித்த கற்களை ஏற்றிப்போன டிராக்டர் இவருடையது. அது ஊருக்கே தெரியும். எங்கே கொட்டினார் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு கார்த்திகையும், போரில் செத்த பிள்ளைகளுக்கு விளக்கேற்றும் நாளில், ஊரில் அம்மா விளக்கும் கையுமாக நிற்பார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசியில் கிணற்றடியில் வைத்துவிட்டு அழுவார்.

தொலைபேசியில் கேட்டிருந்தால் அண்ணன் இணைப்பைத் துண்டித்திருப்பார். என் வாசலுக்கு வரட்டும் என்று ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தேன்.

போகிற நாளுக்கு முதல் நாள், ஓர் இடம் காட்டுகிறேன் என்று கூட்டிப்போனேன். பூங்காவின் ஓரத்தில், ஆஸ்பத்திரிக்குப் பின்னால், புல்லும் சில பழைய கல்லறைக் கற்களும்.

"ஆரின்ர சவக்காலை இது?"

சொன்னேன். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் அரசனை எதிர்த்து, தெருக்களை மறித்துத் தடுப்புக் கட்டிச் செத்தவர்கள். தையல்காரர்கள், தச்சர்கள். சனங்கள் பிணங்களை அரண்மனை முற்றத்துக்கே தூக்கிப்போய், தொப்பியைக் கழற்று என்று அரசனைப் பார்த்துக் கத்தினார்கள். அவன் கழற்றினான். அந்த இடத்தை வாசிக்கிறபோதெல்லாம் எனக்கு நெஞ்சு குளிரும். பிற்பாடு பொலிஸ்காரர்கள் கத்தரிக்கோலுடன் வந்து நின்று, நினைவுநாளில் சனங்கள் கொண்டுவரும் மலர்வளைய நாடாவில் பிடிக்காத வரி இருந்தால் நறுக்கினார்கள். கல்லறைகள் பலவும் போய்விட்டன. ஆனாலும் மிச்சக் கற்களில் செத்தவன் பெயர்தான் இருக்கிறது. நறுக்கியவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

அவர் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டிருந்தார்.

"தொப்பியைக் கழட்டுங்கோ அண்ணை."

"குளிருது தங்கச்சி."

"கழட்டுங்கோ."

கழற்றினார். வழுக்கைத் தலையில் மார்ச் மாதக் காற்று அடித்தது. சொல்ல வெட்கமில்லை, எனக்கு அது இனித்தது.

"தம்பியின்ர கல்லை எங்க கொட்டினனீங்கள்?"

அவர் வெளிவாசலைப் பார்த்தார். "அவங்கள் ஏத்தச் சொன்னாங்கள், ஏத்தினன். அந்த நேரம் மாட்டன் எண்டு சொல்ல ஏலுமே?"

"ஏலாதுதான். எங்க கொட்டினனீங்கள்?"

தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். நாயோடு வந்த ஒரு கிழவி எங்களைக் கடந்து போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"மகளுக்குச் சீதன வீடு கட்டேக்க அத்திவாரத்துக்குக் கல்லுக் காணேல்ல. சும்மா போற கல்லுத்தானே எண்டு..."

"வீட்டில எந்தப் பக்கம்?"

"விறாந்தைக்குக் கொஞ்சம். மிச்சம் சாமியறைக்கு."

அழுவேன் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கைப்பேசியை எடுத்து, அவருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி, அம்மாவை அழைத்தேன்.

"அம்மா, தம்பியின்ர கல்லு இருக்கிற இடம் தெரிஞ்சிட்டுது. அண்ணையின்ர மகள் வீட்டுச் சாமியறைக்குக் கீழ. இனி ஒவ்வொரு கார்த்திகையும் விளக்கை அங்க கொண்டுபோய்க் கொளுத்துங்கோ. ஏன் வந்தனீங்கள் எண்டு அவள் கேட்டால், ஒண்டும் மறைக்காமல் சொல்லுங்கோ. கதவைத் திறந்துவிடச் சொல்லி அண்ணையே அவளுக்குச் சொல்லுவார். இந்தாங்கோ, குடுக்கிறன்."

கைப்பேசியை அவரிடம் நீட்டினேன்.