இன்டர்நெட் இல்லாத பெட்டியில் ஃப்ளாஷ் போட்ட கதை

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே ராசிதான். எந்தச் சாமானை உலகமே வேண்டாம் என்று தூக்கிப் போட்டதோ, அதைத்தான் நம் வாடிக்கையாளர் வந்து, "கொஞ்சம் போட்டுக் கொடுத்துடுங்க" என்று கேட்பார். நீங்களும் இந்தத் தொழிலில் இருந்தால், அல்லது வீட்டில் பழைய கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவர் என்றால், நான் சொல்வது உடனே புரியும்.

மைசூரு மண்டி மொஹல்லாவில், பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் எங்கள் கடை. நானும் மஞ்சுநாத்தும் சேர்ந்து நடத்துகிறோம். மஞ்சுநாத்துக்கு வீட்டில் கன்னடம். தமிழ் என்னிடம் பேசிப் பேசியே வந்தது. அதனால் கன்னட மரியாதை ஒன்று என் பெயரோடு ஒட்டிக்கொண்டு, நான் அவருக்கு எப்போதும் "ஸ்டெல்லாவ்ரே"தான்.

எங்களைப் படாத பாடு படுத்திய சாமான் ஃப்ளாஷ் பிளேயர். ப்ரவுசருக்குள் பொம்மைகளை ஆட வைத்து, பாட்டுப் பாட வைத்து, பாடம் நடத்த வைத்த ஒட்டு மென்பொருள். அதைச் செய்தவர்களே ஒரு நாள் போதும் என்று நிறுத்திவிட்டார்கள். அது பாதுகாப்பில்லை என்பது உண்மைதான். இன்டர்நெட் உள்ள கம்ப்யூட்டரில் யார் கேட்டாலும் நாங்கள் போடுவதில்லை. ஆனால் இன்டர்நெட்டே இல்லாத பெட்டிகளில், பழைய பாடங்களை நம்பி உட்கார்ந்திருந்தவர்களை என்ன செய்வது?

வந்தது ஆளா, அட்ரஸா?

முதல் அடி வாங்கியது ஒரு கன்னியாஸ்திரீகள் பள்ளியில். ஃப்ளாஷை நிறுத்தப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது, இன்னும் நிறுத்தவில்லை. அந்தப் பள்ளியின் கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பு சிஸ்டர் லூர்து. பிள்ளைகள் கண்டதையும் பார்த்துவிடக் கூடாது என்று அந்த அறைக்கு இன்டர்நெட் இழுக்கவே விடமாட்டார். சின்னப் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடம் எல்லாம் சிடியில்தான். அது ஓட ஃப்ளாஷ் வேண்டும்.

நான் கடையிலேயே ஃப்ளாஷை டவுன்லோட் செய்து பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் போனேன். ஃபைல் இத்தனை சின்னதாக இருக்கிறதே என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் செருகி க்ளிக் செய்தேன். கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு, இன்டர்நெட் இணைப்பைச் சரிபாருங்கள் என்றது. அடுத்த கம்ப்யூட்டருக்குப் போனேன். அங்கேயும் அதே பதில். வரிசையாக எல்லாவற்றிலும் முயன்றேன். அப்புறம்தான் உறைத்தது. நான் கொண்டுவந்தது ஃப்ளாஷ் இல்லை. நெட்டில் போய் ஃப்ளாஷை எடுத்துவரும் தூதுவன் மட்டும். முழு ஃப்ளாஷும் தனி ஃபைலாக, அதைவிடப் பல மடங்கு பெரியதாக இருக்கும். இதை நான் சிஸ்டரிடம் சொன்னதும், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே கேட்டார்: "ஏம்மா ஸ்டெல்லா, நீ கூட்டிட்டு வந்தது ஆளையா, இல்ல அட்ரஸை மட்டுமா?"

மலையில் மட்டும் ஓடியது

அன்றே கடைக்கு வந்து முழு ஃபைலையும் இறக்கி ஒரு பழைய ஹார்டு டிஸ்கில் பத்திரமாக வைத்தோம். சிஸ்டரின் பள்ளிக்கு அடுத்த நாளே போட்டுக் கொடுத்தாயிற்று. ஆனால் ஃப்ளாஷ் நிஜமாகவே நின்ற பிறகு, எங்களிடம் இருந்த அதே ஃபைல் எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் ஏறியது. பாடத்தைத் திறந்தால் மட்டும் படத்துக்குப் பதிலாகச் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. சிஸ்டர் உட்பட எல்லோரிடமும் கையை விரித்துவிட்டோம்.

அப்போதுதான் மாதேஸ்வரன் மலைப் பக்கமிருந்து ஒரு ஆசிரியர் போன் செய்தார். பெயர் பழனிசாமி. பள்ளியில் சிக்னல் கிடையாது, பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்து வந்து பேசுகிறார். "ரெண்டு பொட்டி இருக்குதுங்க. ஒண்ணுல பாடம் ஓடுதுங்க, ஒண்ணுல ஓட மாட்டேங்குதுங்க" என்றார். மஞ்சுநாத் போனை மூடிக்கொண்டு என்னிடம், "ஓடாததுல என்ன அதிசயம் ஸ்டெல்லாவ்ரே? ஓடுதுன்னு சொல்றாரே, அதைப் போய்ப் பார்க்கணும்" என்றார். கொள்ளேகால் போய், மலைக்குப் போகும் பஸ்ஸில் பக்தர்கள் கூட்டத்தோடு நின்றுகொண்டே போய் இறங்கினோம்.

ஓடியது. என் கண்ணால் பார்த்தேன். சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே நிலா மெதுவாக நகர்ந்து வர, அதன் நிழல் பூமியின் மேல் ஒரு பொட்டுப் போலப் போனது. பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படித்தான் நின்றேன், வேறு காரணத்துக்காக. ஊர் உலகமெல்லாம் நின்றுபோன ஒன்று இந்தக் காட்டுக்குள் மட்டும் எதுவுமே நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்கிறதே!

இவ்வளவு தூரம் வந்ததற்கு ஒரு நல்ல காரியம் செய்வோம் என்று, அந்தக் கம்ப்யூட்டரை ஒரு பார்வை பார்த்தேன். ஒவ்வொரு தடவை போடும்போதும் கீச்சென்று கத்தியது. உள்ளே கடிகாரத்தை ஓட வைக்கும் வட்டமான சின்ன பேட்டரி செத்துப்போய், கடிகாரம் பல வருடம் பின்னால் இருந்தது. என் பையில் புது பேட்டரி இருந்தது. மாற்றினேன். தேதியைச் சரி செய்தேன். பாடத்தைத் திறந்தேன். சூரியனைக் காணோம், நிலாவைக் காணோம், சாம்பல் வட்டம். அத்தனை பிள்ளைகளும் திரையை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது.

மஞ்சுநாத்தான் முதலில் கண்டுபிடித்தார். நிறுத்த வேண்டிய நாள் ஃப்ளாஷுக்குள்ளேயே எழுதியிருக்கிறது. அது கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பார்த்துத்தான் அந்த நாள் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்கிறது. இங்கே கடிகாரமும் ஓடவில்லை, இன்றைக்கு என்ன தேதி என்று சொல்ல நெட்டும் இல்லை. அதனால் அந்த நாள் வரவே இல்லை! புது பேட்டரியைக் கழற்றினோம். ஓடாத இன்னொரு கம்ப்யூட்டரிலும் இருந்த நல்ல பேட்டரியைக் கழற்றினோம். இரண்டிலும் நிலா நகர ஆரம்பித்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். பழனிசாமி சார் எங்களை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, நல்ல பேட்டரிய எடுத்துட்டுப் போறதுக்கா மைசூர்ல இருந்து வந்தீங்க?"

லப்-டப்

மலையிலிருந்து இறங்கியதும் நாங்கள் பெரிய டாக்டர்கள் ஆகிவிட்டோம். கையை விரித்த இடத்துக்கெல்லாம் திரும்பப் போய், கம்ப்யூட்டரின் தேதியைப் பின்னுக்குத் தள்ளிவைத்துப் பாடங்களை எழுப்பினோம். அதில் ஒன்று ஒரு நர்ஸிங் பயிற்சிப் பள்ளி. அங்கே பாடம் நடத்துகிறவர் ஜோஸ்பின் மேடம். இதயம் எப்படித் துடிக்கும், வால்வு கசிந்தால் என்ன சத்தம், வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு என்ன சத்தம் என்று எல்லாம் ஒரு சிடியில் இருந்தது. அது நின்றதிலிருந்து மேடம் தானே வாயால் லப்-டப் என்று சொல்லிக் காட்டி வகுப்பை ஓட்டியிருக்கிறார். மாணவிகள் சிரித்தே பாடம் போயிற்று என்றார்.

தேதியை மாற்றி, ஸ்பீக்கரைக் கூட்டி வைத்தோம். லப்-டப். அறை முழுக்க அந்தச் சத்தம். திரையில் இதயம் சுருங்கி விரிந்தது. பிறகு குழந்தையின் இதயம் வந்தது. குதிரை ஓடுவது போல அவ்வளவு வேகம். முன் வரிசையில் ஒரு பெண் தன்னை அறியாமல் தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்துப் பக்கத்துப் பெண்ணும் வைத்தாள். மஞ்சுநாத்தின் கையும் சட்டைப் பைக்கு மேலே போயிருந்ததை நான் பார்த்துவிட்டேன். எல்லாம் முடிந்ததும் முன் வரிசைப் பெண் எழுந்து, கொஞ்சம் பயத்தோடே சொன்னாள்: "மேடம், இத்தனை நாளா நான் ஸ்டெத்துல கேட்டுட்டிருந்தது என் கை நடுங்கற சத்தம்னு இப்பத்தான் தெரியுது."

கண் பட்டுவிட்டது

எங்கள் தெருவிலேயே டைப்பிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிற வெங்கடேஷண்ணாவிடம் கன்னட டைப்பிங் பாடம் இருந்தது. விரல் தப்பாக விழுந்தால் ஒரு கிளி தலையை ஆட்டும். ஃப்ளாஷ் போட்டு, தேதி மாற்றி, "அண்ணா, இதை நெட்டுல மட்டும் சேர்க்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். சரி சரி என்றவர், ஒரு நாள் மதியம் போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு ஏதோ ரிசல்ட் பார்த்திருக்கிறார். அந்தக் கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் தன்னைத் தானே அப்டேட் செய்துகொண்டு, தேதியைச் சரி செய்துகொண்டு, ஃப்ளாஷை அடியோடு துடைத்துப் போட்டுவிட்டது. படியேறி மூச்சு வாங்க வந்து நின்றார்: "ஸ்டெல்லா, கொஞ்சமே கொஞ்சம் நெட்டைக் காட்டினேன்ம்மா, கிளிக்குக் கண்ணு பட்டுருச்சு."

பலூன்

இது போன வருடம் அக்ரஹாரத்தில் நடந்தது. காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர் வனஜா மேடம். கோயில் தெருவில் ஒரே அறை. அவருடைய கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு உண்டு. குழந்தை மைக்கில் சத்தம் கொடுத்தால் திரையில் பலூன் மேலே போகும். சத்தம் நின்றால் இறங்கிவிடும். கேட்காத குழந்தைக்குத் தன் குரல் இருக்கிறது என்று கண்ணுக்குக் காட்டுகிற வேலை.

அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்க் போய்விட்டது. கூடவே, குழந்தையின் தலையில் மாட்டுகிற மைக்கின் வயரும் அறுந்துவிட்டது. வனஜா மேடம் எங்களிடம் வந்து சொன்னதெல்லாம் பவித்ரா என்ற குழந்தையைப் பற்றித்தான். ஐந்து வயது. காதில் மெஷின் வைத்தும் பெரிதாகப் பலன் இல்லை. அப்பா முருகேசன் தர்மபுரிக்காரர். ரிங் ரோடு பக்கம் கட்டட வேலையில் சென்ட்ரிங் அடிக்கிறார். அம்மாவும் அதே இடத்தில் சித்தாள். அந்தப் பிள்ளை பலூனுக்காக மட்டும்தான் குரல் கொடுக்கும். பலூன் போனதும் வாயை மூடிக்கொண்டுவிட்டது. "விட்டுப்போச்சுன்னா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும் ஸ்டெல்லா. அதுக்கு இவ ஒத்துக்குவாளான்னே தெரியல" என்றார் மேடம்.

நாங்கள் போன அன்று குடும்பமே வந்து உட்கார்ந்திருந்தது. டிஸ்க் மாற்றி, ஃப்ளாஷ் போட்டு, தேதியைத் தள்ளி, மேடம் வைத்திருந்த சிடியிலிருந்து விளையாட்டை ஏற்றித் திறந்தோம். பலூன் வந்தது. ஆனால் எவ்வளவு கத்தினாலும் அசையவில்லை. பவித்ரா நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் காலாட்டுவதையும் நிறுத்திவிட்டாள். அம்மா அவள் தலையைத் தடவிவிட்டு, போகலாமா என்பது போலக் கணவரைப் பார்த்தார். பிறகு மஞ்சுநாத் பலூன் மேல் வலது க்ளிக் செய்து, ஃப்ளாஷின் செட்டிங்கைத் திறந்தார். அது பின்னால் செருகியபடியே இருந்த அறுந்த மைக்கைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் கடையிலிருந்து கொண்டுபோன மேஜை மைக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு "ஆ" என்றார். பலூன் எழும்பியது. பவித்ரா நாற்காலியிலிருந்து குதித்து வந்து அவரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். அடி வயிற்றிலிருந்து ஒரு சத்தம். கரகரப்பாக, பெரிதாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி. பலூன் மேகத்துக்கு மேலே போயிற்று.

முருகேசன் மகிழ்ச்சி தாங்காமல், "நல்லா பண்ற சாமி" என்றார். அப்போது பவித்ரா வாயை மூடியிருந்தாள். இறங்கிக்கொண்டிருந்த பலூன் மறுபடி ஏறியது. முன்பெல்லாம் மைக் அவள் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்ததால் அவள் குரலுக்கு மட்டும்தான் பலூன் அசையும். இந்த மேஜை மைக் அறையில் இருந்த எல்லோரையும் கேட்டது. அவளுக்குப் புரியவில்லை. பலூனைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் இன்னும் ஏதோ சொன்னார், பலூன் ஏறியது. எழுந்து போய் உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினாள். பலூன் இறங்கியது. கையை எடுத்துவிட்டுக் கன்னத்தில் தட்டினாள். அவர் பேசினார். ஏறியது.

அடுத்து அம்மாவிடம் போனாள். பொத்தினாள், எடுத்தாள், தட்டினாள். அப்புறம் வனஜா மேடம். அப்புறம் மஞ்சுநாத். கடைசியில் என் முன்னால் வந்து நின்று தாடையில் தட்டினாள். "ஸ்டெல்லா" என்று என் பெயரைச் சொன்னேன். திரும்பிப் பலூனைப் பார்த்தாள், போய்க்கொண்டிருந்தது. அறை முழுக்க ஒவ்வொரு முகமாக, புதிதாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள். முருகேசன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "இத்தன வருசமா நாங்கெல்லாம் சும்மா வாய மட்டும் அசைக்கறோம்னு நெனச்சிட்டு இருந்திருக்குது மேடம், புள்ள."

காலாவதியான சாமானை மளிகைக் கடைக்காரர் கொடுத்தால் சண்டைக்குப் போகிற ஊரில், அதையே நாங்கள் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தால் மட்டும் காபி கொடுத்து வாசல் வரை வந்து வழியனுப்புகிறார்கள்.