கழுத்து வைத்த ஜாக்கெட்

சோற்றுக் கஞ்சியில் முக்கி வெயிலில் காயப்போட்ட நூல் சேலைக்கு ஒரு வாசனை உண்டு. லேசான புளிப்பும் சுட்ட தரையின் சூடும் கலந்த அந்த வாசனையோடுதான் எங்கள் பேட்டை வீட்டின் ஞாயிற்றுக்கிழமைகள் என் நினைவில் நிற்கின்றன. கொல்லையில் கட்டிய கொடியில் நான்கு சேலைகள் தகடு போல் விறைத்துத் தொங்கும். ஒரு முனையை அம்மாவும் மறுமுனையை நானும் பிடித்து இழுத்து, உதறி, ஓரம் பிசகாமல் மடிப்போம். அம்மாவுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். மஞ்சள் காமாலை என்று படுத்தவர் மூன்றாவது வாரத்தில் போய்விட்டார். படுப்பதற்குச் சில மாதங்கள் முன்புதான், முன்பக்கம் மரக்கதவு போட்டு மூடுகிற கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை ஆசையாக வாங்கிவந்து, மாடியில் ஆன்டெனா கட்டி, படம் தெளிவாகும்வரை அதைத் திருப்பிக்கொண்டே இருந்தார். அவர் போனபிறகு ஒரு வருடம் அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை. பிறகு கருணை அடிப்படையில் அப்பாவின் வேலை அம்மாவுக்கு வந்தது. பத்தாவது வரை படித்திருந்தாள். கோயிலுக்கும் ரேஷன் கடைக்கும் தவிர தனியாக எங்கும் போகாதவள், இனி தினமும் பேருந்து ஏறிப் பாளையங்கோட்டைக்குப் போய், ஆண்கள் நிறைந்த அறையில் உட்கார வேண்டும். உடுத்திப் போவதற்கு அவளிடம் எதுவும் இல்லை. நிறம் உள்ள சேலைகளையெல்லாம் பதினாறாம் நாளோடு எடுத்துக் கொடுத்தாயிற்று. பீரோவில் இருந்தவை சொந்தக்காரப் பெண்கள் கொண்டுவந்து வைத்த சாம்பலும் வெளிர் பழுப்புமான சேலைகள்.

முதல் நாள் அதில் ஒன்றைக் கட்டி, முந்தானையை உடம்போடு இழுத்துப் போர்த்திக்கொண்டு போனாள். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள்: "துட்டி வீட்டுலேர்ந்து நேரா வந்தவளப் பாக்க மாதிரி பாக்காவட்டி. ஒரு பேனா கேட்டா கூட பாவம்னு குடுக்காவ." சாவு வீட்டைத்தான் எங்கள் பக்கம் 'துட்டி வீடு' என்பது.

அந்த வாரம்தான் பெட்டியின் கதவு திறந்தது. செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் டெல்லியிலிருந்து ஓர் இந்தித் தொடர் வரும். எங்களுக்கு இந்தியில் ஒரு சொல் தெரியாது. கதையைப் பார்த்த அளவில் ஊகித்துக்கொள்வோம்: ஒரு பெண், ஏதோ பெரிய அலுவலகத்தில் அதிகாரி; மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கோப்புகளில் கையெழுத்துப் போடுவாள்; வருகிறவர்கள் அவளிடம் பணிந்து பேசுவார்கள். வசனம் புரியாததால் கண் முழுக்க அவள் உடுத்தியதன் மேலேயே இருந்தது. மொடமொடப்பான நூல் சேலை, தோளில் மடிப்பு மடிப்பாக எடுத்து ஊக்கு குத்திய முந்தானை, கழுத்தை மூடிக் காலர் வைத்து, முழங்கை வரை கை இறங்கிய ஜாக்கெட், இடது கையில் கடிகாரம். காதில் சின்னதாக ஒரு கல். அவ்வளவுதான்.

அம்மா தட்டில் கையை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "ஏட்டி, அவளப் பாரு. கல்யாணம் ஆனவளா, ஆகாதவளா, புருசன் போனவளா, ஒண்ணுமே தெரியமாட்டேங்கு பாத்தியா."

அந்த வாக்கியத்தின் கனம் எனக்கு அப்போது எட்டவில்லை. நான் செய்ததெல்லாம் படம் வரைந்ததுதான். திரையில் வந்தது மறுபடி வராது. அடுத்த செவ்வாய்க்கிழமை வேறு உடுப்பில் வருவாள். அதனால் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து, அவள் திரும்பும்போதும் எழுந்து நிற்கும்போதும் காலர் எப்படி வளைகிறது, கையின் விளிம்பில் எத்தனை விரல் பட்டி என்று கோடு கோடாகப் போட்டு வைப்பேன். அம்மா எட்டிப் பார்த்து, "பொத்தான் முன்னாடியா பின்னாடியா, சரியாப் பாரு," என்பாள். அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு இருவருமாகத் தையல் கடைக்குப் போனோம். தையல்கார அண்ணாச்சி தாளைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, "இந்த வெக்கைக்குக் கழுத்து வச்சுத் தச்சா வெந்து போகும்மா," என்றார். "வேகட்டும் அண்ணாச்சி, நீங்க தைங்க," என்றாள் அம்மா. அவள் அப்படி யாரிடமும் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

சேலையின் நிறம்தான் சிக்கலாக இருந்தது. எங்கள் பெட்டியில் உலகமே சாம்பல். அந்தச் சாம்பலில் எது பச்சை, எது நீலம் என்று செவ்வாய்க்கிழமைதோறும் எங்களுக்குள் வழக்கு நடக்கும். கொஞ்சம் அடர்ந்த ஒரு சாம்பலை அம்மா பாசிப்பச்சை என்று முடிவு செய்து, அந்த நிறத்தில் ஒரு நூல் சேலை எடுத்துவிட்டாள். பிறகு ஒருநாள் அடுத்த வீட்டு ஞானம் டீச்சர் புதிதாகக் கலர் டிவி வாங்கி எங்களையும் கூப்பிட்டார். அதே சேலை அன்று மறுபடி வந்தது. அது அரக்கு நிறம். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாள்: "அவ கெடக்கா. நான் நெனச்ச கலருதான் நல்லாருக்கு." அப்பா இறந்தபிறகு அவள் சத்தம்போட்டுச் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

பாசிப்பச்சை, கடல் நீலம், செங்கல் நிறம், காப்பிக்கொட்டை நிறம். நான்கு சேலைகள், நான்கு காலர் ஜாக்கெட்டுகள். பொட்டு வைக்கவில்லை, பூ வைக்கவில்லை. விதவைக்கு ஊர் விலக்கிய எதையும் அவள் மறுபடி எடுக்கவில்லை. ஊருக்குத் தெரியாத ஒரு வழியைக் கண்டுபிடித்து அதில் நடந்தாள். காலையில் கண்ணாடி முன் நின்று தோளில் ஊக்கைக் குத்தி, கழுத்தை ஒரு தடவை நிமிர்த்திக்கொள்வாள். அலுவலகத்தில் அவளிடம் இப்போது ஆட்கள் மனுவை நீட்டி, "மேடம், கொஞ்சம் பாருங்க," என்கிறார்கள் என்று சொன்னாள்.

பெரியப்பா மாதம் ஒருமுறை ஆழ்வார்குறிச்சியிலிருந்து உளுந்தோ வாழைத்தாரோ கொண்டுவருவார். தம்பி மனைவியோடு நேராகப் பேசமாட்டார். நடுவில் என்னை நிறுத்திக்கொள்வார். "ஏட்டி, ஒங்கம்மைட்ட சொல்லு. வேலைக்குப் போறா, சரி, வயித்துப்பாடு. அதுக்கு இப்படி மடிப்பெடுத்து மினுக்கிட்டுப் போகணுமா? நாலு பேரு என்கிட்டல்லா கேக்காவ." நான் அடுக்களை வாசலில் போய் நின்று அதை அப்படியே சொல்வேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "ஆபீஸ்ல எல்லாரும் இப்படித்தான் கட்டுதாவன்னு ஒங்க பெரியப்பாட்ட சொல்லு," என்பாள். அது பொய். அந்த அலுவலகத்தில் அப்படி யாரும் கட்டவில்லை. ஆனாலும் நான் திரும்பிப் போய் அந்தப் பொய்யைச் சுத்தமாக ஒப்பிப்பேன். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார்.

நான் எட்டாவது படிக்கும்போது பள்ளியில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். அம்மா அலுவலகத்தில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு, பாசிப்பச்சைச் சேலையில் வந்தாள். அவள் வராந்தாவில் நடந்து வருவதை எங்கள் வகுப்பு மொத்தமும் பார்த்தது. என் பக்கத்தில் உட்காரும் ஜெயந்தி, "ஒங்கம்மையாட்டி? டிவியில வாரவ மாதிரில்லா இருக்காவ," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒங்கப்பா செத்துப்போயிட்டாருன்னு சொன்ன?" என்று கேட்டாள். இன்று யோசித்தால் அவள் முதலில் சொன்னது பாராட்டுதான். இரண்டாவதில்கூட கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஆனால் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், எனக்குக் காது மடல் வரை எரிந்தது.

திரும்பி வரும்போது பேருந்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் நான் உட்காரவில்லை. ஆற்றுப் பாலம் தாண்டி, ஜங்ஷன் தாண்டி, பேட்டை வரும்வரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள், "டீச்சர் கணக்குல கொஞ்சம் கவனிக்கச் சொன்னாவ," என்று ஆரம்பித்தாள். நான் பையை வீசிவிட்டுச் சொன்னேன்:

"நீ ஏம்மா இப்படி உடுத்திட்டு வார? அப்பா செத்ததுல ஒனக்கு வருத்தமே கெடையாதா?"

இந்த முறை யாருடைய சொல்லையும் நான் சுமந்துவரவில்லை. அது என் சொல். அம்மா என்னைத் திட்டவில்லை, அழவும் இல்லை. தோளில் இருந்த ஊக்கைக் கழற்றினாள். மடிப்பு அவிழ்ந்து முந்தானை கீழே சரிந்தது. அதை எடுத்து உடம்போடு போர்த்திக்கொண்டு, "சாப்பிடுதியா?" என்று கேட்டாள்.

அடுத்த நாள் காலையில் அவள் பழைய வெளிர் பழுப்புச் சேலையில் அலுவலகம் போனாள். அதன்பிறகு ஓய்வு பெறும்வரை அப்படித்தான் போனாள். நான்கில் இரண்டை அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கும் அம்மாளுக்குக் கொடுத்தாள்; ஒன்று தலையணை உறையானது; பாசிப்பச்சை, முன்னறை ஜன்னலுக்குத் திரையாக வெட்டுப்பட்டு, வெயிலில் வருடக்கணக்கில் வெளுத்தது. செவ்வாய்க்கிழமைகளில் தொடர் வரும் நேரத்துக்கு அவளுக்கு அடுக்களையில் வேலை இருந்தது. எனக்கும் நோட்டைத் திறக்க ஒன்றும் இல்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பெரியப்பா அடுத்த மாதம் வந்து ஜன்னல் வழியே அவளைப் பார்த்தார். அன்று என்னிடம் சொல்லி அனுப்ப அவருக்கு எதுவும் இருக்கவில்லை.

நான் கல்லூரிக்குப் போனபோது வீடுகளுக்குக் கேபிள் வந்துவிட்டது. சாயங்காலம் தொடங்கினால் வரிசையாகத் தொடர்கள். அடுக்களையில்கூடப் பட்டுடுத்தி நிற்கும் மருமகள்கள், தோள்வரை தொங்கும் ஜிமிக்கிகள், வாரத்துக்கொரு வடிவத்தில் பொட்டு. டவுன் கடைகளில் அந்தந்தத் தொடரின் பேரைச் சொல்லியே சேலை விற்றார்கள். நானும் கேட்டு வாங்கினேன். அம்மா கடையின் ஓரத்தில் முக்காலியில் உட்கார்ந்து, நான் தோளில் போட்டுக் காட்டிய எல்லாவற்றுக்கும், "நல்லாருக்கு, எடுத்துக்க," என்றாள். அந்தத் தொடர்களிலும் விதவைகள் வருவார்கள். வெள்ளைச் சேலையில், சுவரோரம் நின்று, வாயில் முந்தானையை அடைத்து அழுவார்கள். ஒருநாள் அப்படி ஒருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "இவ சரியாத்தான் கட்டிருக்கா," என்றாள். கேலியா, வருத்தமா என்று குரலில் தெரியவில்லை. கேட்க எனக்குத் துணிவில்லை.

இப்போது நாங்கள் பாளையங்கோட்டையில் இருக்கிறோம். அம்மாவும் என்னோடுதான். என் மகள் கைப்பேசியில் ஏதோ அந்நிய நாட்டுத் தொடர்களைப் பார்த்து, நெல்லை வெயிலில் தொளதொளவென்று முழுக்கைச் சட்டை மேல் சட்டை போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போகிறாள். பிடித்த உடுப்பு வந்ததும் விரலால் நிறுத்தி, பெரிதாக்கி, படமெடுத்து வைத்துக்கொள்கிறாள். ஒருநாள் அவளிடம் அந்தச் செவ்வாய்க்கிழமைத் தொடரைத் தேடித்தரச் சொன்னேன். "பேரு என்னம்மா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. தலைப்பு இந்தியில் வரும்; நாங்கள் வாசித்ததே இல்லை. அரை மணி நேரம் தேடிவிட்டு, "அப்படி ஒண்ணுமே இல்லம்மா," என்றாள்.

சென்ற மாதம் அம்மாவை வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். விற்பனையாளப் பெண், "ஆச்சி, என்ன கலர் பாக்குதீய?" என்று கேட்டு வரிசையாக விரித்துப் போட்டாள். அம்மா சேலைகளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒனக்குப் பிடிச்சத எடும்மா," என்றேன்.

"எனக்கு எது பிடிக்கும்னு தெரியலயே. நீயே சொல்லு."

அந்தப் பெண் வேறு கட்டு எடுக்க உள்ளே போனபோது, முப்பது வருடமாகத் தொண்டையில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். "நான் அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா." எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை.

"நீ சின்னப் பிள்ள. நீ கேட்டதுக்காக நான் விடல," என்றாள். கை மடியில் இருந்தது. "நீ கேட்ட பெறவு எனக்கே ஒரு சந்தேகம் வந்துட்டு. அவரு போனதுல எனக்கு வருத்தம் கொறவுதானோன்னு. கண்ணாடியப் பாத்தா அதுதான் தோணும். அந்தச் சந்தேகம் இன்னும் போகல."

வெளிர் பழுப்பில் ஒரு சேலை வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

பேட்டை வீட்டை விற்று வெகுகாலமாகிறது. வாங்கியவர்கள் இடித்துப் பட்டறை கட்டிவிட்டார்கள். ஞானம் டீச்சர் இல்லை, பெரியப்பா இல்லை. வீட்டிலிருக்கும் புகைப்படங்களையெல்லாம் கொட்டிப் பார்த்துவிட்டேன். கல்யாணத்தில் எடுத்தது இருக்கிறது, அப்பாவோடு அருவிக்கரையில் எடுத்தது இருக்கிறது, அலுவலக அடையாள அட்டைக்காகப் பின்னாளில் போர்த்திய முந்தானையோடு எடுத்தது இருக்கிறது. நடுவில் அந்த இரண்டரை வருட அம்மா ஒரு படத்தில்கூட இல்லை. அந்த வீட்டில் அவளை அப்படிப் பார்த்தவர்களில் மிச்சமிருப்பது நான் மட்டும்தான்.