கொழிஞ்சாம்பாறையில் ஓர் அன்னப் படகு

பொள்ளாச்சியில் நான் பில் போட்டுக்கொண்டிருந்த பர்னிச்சர் கடையை மூடியபோது, மிஞ்சிய பீரோக்களை முதலாளி ஏலம் விட்டார். வேலை போன கவலையைவிட, நாளையிலிருந்து வீட்டில் உட்கார வேண்டுமே என்ற கவலைதான் எனக்குப் பெரிதாக இருந்தது. அந்த ஏலத்தில் நானும் சில பீரோக்களை எடுத்துவந்து, கேரள எல்லைக்குள் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். கல்யாண மாதம். நின்ற வேகத்தில் விற்றுப்போயின. அதன்பின் ஏலம் நடக்கும் இடமெல்லாம் தேடிப் போக ஆரம்பித்தேன்.

வாடகை கட்டாமல் விட்டுப்போன குடோன் அறைகளின் சாமான்களை மொத்தமாக ஏலம் விடும்போது ஒரு வழக்கம் உண்டு. ஷட்டரைத் தூக்குவார்கள். வெளியே நின்று எட்டிப் பார்க்கலாம். உள்ளே கால் வைக்கக் கூடாது. முன்னால் தெரிவதை வைத்துப் பின்னால் என்ன இருக்கும் என்று ஊகித்துக் கேட்க வேண்டும். ஏலத்துக்கு முதல் நாள் எனக்குச் சோறு இறங்காது. எடுத்த பிறகும் நிம்மதி கிடையாது. விற்கும்வரை வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

“ஏம்புள்ள, காலுல சக்கரமா கட்டியிருக்குது? செத்த நேரம் உக்காரு” என்பார் என் கணவர். அவர் சொந்தமாகப் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். தேங்காய் லோடு இல்லாத நாட்களில் என்னோடு வருவார்.

மூணாறுக்கு மேலே மாட்டுப்பட்டி போகும் வழியில் ஒரு ரிசார்ட் மூடிப்போய், அதன் சாமான்கள் வாடகைக் குடோன் ஒன்றில் கிடந்தன. ஏலம் என்று கேள்விப்பட்டு இருட்டோடு கிளம்பிப் போனோம். ஷட்டர் உயர்ந்ததும் முன்வரிசையில் ஒரு பெரிய ஃப்ரிட்ஜ், சுவர் உயரத்துக்கு மெத்தைகள், ஜோடி ஜோடியாகத் தேக்கு நாற்காலிகள். அதற்கும் பின்னால் இருட்டு. உடுமலைக்காரர் ஒருவர் என்னோடு போட்டி போட்டார். என் கை கீழே இறங்கவே இல்லை. கணவர் என் முந்தானையை இழுத்ததுகூடப் பிறகுதான் உறைத்தது. அறை எனக்கு விழுந்தது.

குடோன் பொறுப்பாளர் மலையாளி. “சேச்சி, வைகுந்நேரத்துக்குள்ள காலி ஆக்கணும். இல்லெங்கில் டெபாசிட் போகும், கேட்டோ” என்று சாயங்காலம்வரை மட்டும் அவகாசம் தந்து சாவியைக் கொடுத்தார்.

மெத்தைகளை இறக்க இறக்க, பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் கழுத்து மேலே எழும்பி வந்தது. முதலில் ஏதோ சிலை என்று நினைத்தேன். கடைசி மெத்தையும் விழுந்ததும் முழுதாகத் தெரிந்தது: இரண்டு பேர் உட்கார்ந்து காலால் மிதிக்கும் ஃபைபர் அன்னப் படகு. சிவப்பு அலகு. ஒரு கண்ணில் மட்டும் பெயிண்ட் உதிர்ந்து, தூக்கக் கலக்கத்தில் பார்ப்பதுபோல் இருந்தது.

“ஏனுங்க, இத என்ன பண்றது?” என்றேன்.

“என்னையக் கேட்டா? கையத் தூக்குனது நீயி” என்றார். சொல்லிக்கொண்டே படகுக்கு அடியில் குனிந்து போல்ட்டுகளைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

விட்டுவரவும் முடியாது, அறை காலியாக வேண்டும். கழுத்தைக் கழற்றினோம். உடம்பைக் கவிழ்த்து மெத்தைகளுக்கு மேலே கட்டினோம். கழுத்தை வைக்க வண்டியின் பின்பக்கம் இடமே இல்லை. அதனால் அது முன்சீட்டில் என் மடிக்கு வந்தது. அலகு ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மறையூர் வழியாக இறங்கி, யானை நடமாட்டம் தொடங்குமுன் சின்னாறு காட்டைத் தாண்டியாக வேண்டும். செக்போஸ்ட்டில் ஒரு காவலர் வண்டியைச் சுற்றி வந்து, அலகைத் தொட்டுப் பார்த்து, “இது எவிடெ போகுன்னு?” என்றார். கொழிஞ்சாம்பாறைக்கு என்றேன். “அவிடெ காயலுண்டோ?” என்று சிரித்தார். காயலாவது, ஏரியாவது! எங்கள் ஊரில் கிணற்றுத் தண்ணீருக்கே வானத்தைப் பார்க்க வேண்டும்.

ஃப்ரிட்ஜ் எங்கள் பக்கத்துச் சித்தூரில் ஒரு பேக்கரிக்குப் போயிற்று. மெத்தைகளும் நாற்காலிகளும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. படகு மட்டும் வாசலில் நின்றது. கழுத்தை மாட்டியபின் அது சுவரைத் தாண்டி ரோட்டை எட்டிப் பார்த்தது. பொள்ளாச்சி பஸ்ஸிலிருந்து ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி மிளகாய் காய வைக்க இடமில்லையே என்று அதன் சீட்டில் முறத்தை வைத்தாள். குளம் வைத்திருக்கும் தோப்புக்காரர்கள் எல்லோருக்கும் போன் செய்தேன். எல்லோரும் சிரித்துவிட்டு வைத்தார்கள். ராத்திரி புரண்டு புரண்டு படுத்தேன். கடைசியில் போட்டோ எடுத்து, பழைய சாமான் விற்கிறவர்களின் வாட்ஸாப் குழுக்களில் போட்டேன்.

சில நாட்களில் ஒரு பெண் கூப்பிட்டாள். மூணாறுப் பக்கத்துப் பேச்சு.

“அக்கா, அந்தப் படகு வித்துப் போச்சா?”

“இல்லீங்க. உங்களுக்கு வேணுமுங்களா?”

அவள் போனை விலக்கி, “இன்னும் விக்கலயாம்” என்று பக்கத்தில் யாரிடமோ சொன்னாள். பிறகு, “அது எங்களோடதுக்கா” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளும் அவள் புருஷனும் திருப்பூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து இறங்கினார்கள். இருவரும் மூணாறு எஸ்டேட்டில் தொழிலாளர்களின் லய வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர் அந்த ரிசார்ட் குளத்தில் படகு விட்டுக்கொண்டிருந்தாராம். மற்றப் படகுகள் ரிசார்ட்டுடையவை. இது ஒன்றை மட்டும் அவர் சொந்தமாக வாங்கி விட்டிருக்கிறார். ரிசார்ட் மூடியபோது அவர் படகை அங்கேயே விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து அங்கே காவலுக்கு இருந்தவர்களைக் கேட்டபோது, எல்லாம் குடோனுக்குப் போய்விட்டது, யாரைக் கேட்பது என்று தெரியவில்லை என்றிருக்கிறார்கள்.

அவர் எங்களோடு பேசுவதற்கு முன் படகைச் சுற்றி வந்தார். கழுத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். “நேரா மாட்டலயேண்ணே, லேசா சாயுது” என்றார் என் கணவரிடம். இருவரும் ஸ்பானரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

“நான் முறையா ஏலத்துல எடுத்தனுங்க. திருடிட்டு வரல” என்றேன்.

“நீங்க திருடுனீங்கன்னு யாரு சொன்னா?” என்றாள் அவள். “எங்க பொருளையும் சேத்து ஏலம் விட்டுட்டாங்க. பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தோம். இவரு ராத்திரி பூரா அந்தப் போட்டோவையே பாத்துக்கிட்டு கெடந்தாரு.”

நல்ல விலைக்கு விற்றால் பங்கு தருகிறேன் என்றேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். “பங்கெல்லாம் வேணாங்க்கா. படகுதான் வேணும். ஆனா கொண்டுபோயி எங்க வைக்க? திருப்பூர்ல நாங்க இருக்கிறது ஒத்த ரூமு.”

என் கணவர் என்னைப் பார்த்தார். எத்தனையோ அறைகளின் சாமான்களை எடுத்து விற்றிருக்கிறேன். விட்டுப்போனவர் ஒருவரும் அதுவரை என் வாசலில் வந்து உட்கார்ந்ததில்லை. டீ போட உள்ளே போனேன். டீ கொதித்து வழிந்தது. டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “தண்ணி கெடைக்கற வரைக்கும் இங்கயே இருக்கட்டுமுங்க. வந்து எடுத்துக்கங்க” என்றேன்.

அன்றிலிருந்து நானே ஒரு குடோன்காரி ஆகிவிட்டேன். தினமும் எதையாவது வாங்கி எதையாவது தள்ளிவிடுகிற வாசலில், விற்கக் கூடாத ஒரு பொருள். யாராவது விலை கேட்டால் வாய் வரை பதில் வந்துவிடும், கடித்துக்கொள்வேன். கல்யாண மண்டபக்காரர் ஒருவர் போட்டோ எடுக்கும் மேடைக்கு வேண்டும் என்று நல்ல விலைக்கே கேட்டார். “அது வேறொருத்தருதுங்க” என்று சொல்லிவிட்டு அன்று முழுக்க எரிந்து விழுந்தேன். திருப்பூரிலிருந்து அவர் அவ்வப்போது கூப்பிடுவார். “இருக்குல்லக்கா?” “இருக்குதுங்க.” அதோடு பேச்சு முடிந்துவிடும். மழைக்காலம் வந்ததும் படகுக்குள் தண்ணீர் நின்றது. குடத்தால் மொண்டு கொட்டினோம்.

மழை ஓய்ந்தபோது அவள்தான் கூப்பிட்டாள். குரலே மாறியிருந்தது. உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு நடுவே தங்கும் விடுதி வைத்திருக்கும் ஒருவர், தன் தடுப்பணைக் குளத்தில் படகு விட ஆள் தேடுகிறாராம். படகோடு வந்தால் சம்மதம் என்றிருக்கிறார். இந்தத் தடவை, படகு தன்னுடையது என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டதாக அவள் புருஷன் போனைப் பிடுங்கிச் சொன்னார். என் கணவரே பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தார்.

வாசல் வெறிச்சென்று இருந்தது. அந்த இடத்தை நிரப்ப அடுத்த வாரமே இரும்புக் கட்டில்கள் எடுத்தேன். இப்போது எங்கே ஏலத்துக்குப் போனாலும், சாமான்காரங்களுக்குச் சொன்னீங்களா என்று ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன். சொன்னோம் என்கிறார்கள். உண்மையா என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்ட பிறகும் கையைத் தூக்கத்தான் செய்கிறேன்.

போன பூஜை லீவில் நானும் கணவரும் உடும்பஞ்சோலை போனோம். அன்னத்துக்குப் புதுக் கண் வரைந்திருந்தார்கள். எங்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டுப் படகுக்காரர் அதைத் தள்ளினார். குளத்தைச் சுற்றி ஏலக்காய்ச் செடிகளின் பச்சை வாசம். நான் மிதித்த வேகத்தில் படகு ஒரே இடத்தில் வட்டமடித்தது. கரையிலிருந்து அவள், “அக்கா, அண்ணனுக்குத் தோதா மெதுவா மிதிங்க!” என்று கத்தினாள். கணவர் சிரித்துக்கொண்டே காலை எடுத்துவிட்டார்.

நடுக்குளத்தில் என் போன் அடித்தது. அடிமாலிப் பக்கம் ஒரு குடோன் திறக்கப் போகிறார்கள், உடனே வர முடியுமா என்று ஒரு புரோக்கர்.

“நான் தண்ணிக்குள்ள இருக்கறனுங்க” என்றேன். “கரைக்கு வந்துட்டுப் பேசறனே.”